பகிடி யாருக்கு, சட்டி யாருக்கு?

போன கிழமை எல்லா வாட்ஸ்அப் குழுமங்களிலும் சுற்றிய ஒரு வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது. நீண்ட பதிவுதான். நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். நேரம் இல்லாதவர்கள், குறிப்பாக இந்த நேரத்தில் குசினியில் நிற்பவர்கள், பிறகு வாசியுங்கள். சோறு அடிப்பிடித்து விடும்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். மனைவிக்குக் காய்ச்சல். ராச்சோறு ஆக்கும் பொறுப்பு மாப்பிள்ளைக்கு வருகிறது. அரிசியைக் கழுவுகிறார். விரலை வைத்துப் பார்த்து அளவாகத் தண்ணீரும் ஊற்றுகிறார். எல்லாம் சரி. ரைஸ் குக்கரின் உள்சட்டி மட்டும் கழுவிய பாத்திரங்களோடு கவிழ்ந்து கிடக்கிறது. அரிசியும் தண்ணீரும் நேரே குக்கரின் வயிற்றுக்குள் போகின்றன. சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு. "புள்ள, கறண்டு போயிட்டா? பக்கத்து வீட்டில லைட் எரியுதே!" என்று அவர் கேட்கிற இடத்தில்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்த இருட்டுக்குள் அடுப்பில் இருந்த கோழி ஆணம் கருகுகிறது. மகன் போன் வெளிச்சத்தில் வீடியோ எடுக்கிறான். காய்ச்சல்காரி படுக்கையை விட்டு எழும்பி வருகிறார். வீடியோ அத்தோடு முடிகிறது.

நானும் சிரித்தேன். சிரிப்பு வருகிற விஷயத்துக்குச் சிரிக்காமல் இருக்க ஏலாது. என் பிரச்சினை வீடியோ முடிந்த இடம். காய்ச்சலோடு எழும்பி வந்த அந்த மனிசி அதன் பிறகு என்ன செய்தார்? குக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்து அரிசியைக் கொட்டியது யார்? கருகின சட்டியைத் தேய்த்தது யார்? பிள்ளைகளுக்கு அன்றைக்கு ராவைக்கு என்ன சாப்பாடு? பகிடி அவருக்கு, சட்டி இவருக்கு. இந்தப் பங்கீட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். அதே வீடியோ. அதே குக்கர். அதே 'டப்'. ஆனால் அரிசியைக் கொட்டியது கலியாணம் முடித்து மூன்று மாதமான ஒரு மருமகள். இப்போது எத்தனை பேர் சிரிப்பீர்கள்? "உம்மா ஒண்டும் படிச்சுக் குடுக்கல்லயா?" "போனும் கையுமா இருந்தா இப்பிடித்தான்." "டிகிரி இருந்து என்ன, ஒரு பானை சோறு ஆக்கத் தெரியல்ல." மாமியார் வாயைத் திறக்கா விட்டாலும் பக்கத்து வீடு திறக்கும். ஆண் செய்தால் நகைச்சுவை, பெண் செய்தால் வளர்ப்பின் குறை. ஒரே குற்றத்துக்கு இரண்டு தீர்ப்பு எழுதும் நீதிபதியை நாங்கள் நீதிபதி என்று சொல்வோமா?

இதில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற வித்தியாசமே கிடையாது. இந்த நாட்டில் இன ஐக்கியம் முழுமையாக ஏற்பட்ட ஒரே இடம் குசினி வாசலுக்கு வெளியே போட்டிருக்கும் கதிரைதான். மூன்று இனத்து ஆண்களும் அதில் ஒற்றுமையாக உட்கார்ந்து "தேத்தண்ணி வரல்லயா?" என்று கேட்கிறார்கள்.

சரி, "ஆம்பிளைகளுக்குச் சமையல் வராது" என்ற அந்தப் பழைய கதைக்கு வருவோம். இது உண்மையா? உங்கள் கண்ணால் பார்த்ததை வைத்தே சொல்லுங்கள்.

ரமழான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது யார்? ஊருக்கே போதுமான கஞ்சி. அரிசி, இறைச்சி, தேங்காய்ப்பால், இஞ்சி, பூடு, ரம்பை எல்லாம் அளவு பிசகாமல் போக வேண்டும். நோன்பு வைத்த வாயோடு உப்புப் பார்க்கவும் ஏலாது. மணத்தை வைத்தும் கை அளவை வைத்தும் பதம் பார்க்கிறார்கள். அடிப்பிடிக்காமல் பெரிய அகப்பையால் கிண்டிக்கொண்டே நிற்கிறார்கள். ஒருநாள் கஞ்சி கருகினால் ஊர் விடுமா? முப்பது நாளும் கருகாமல் காய்ச்சுகிறார்களே, அவர்கள் ஆம்பிளைகள் இல்லையா?

கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் சகன் சகனாகச் சோறு போகிறதே, அதை ஆக்குவது யார்? தெருக் கடையில் இரும்புத் தகட்டில் தாளம் போட்டுக் கொத்து ரொட்டி கொத்துவது யார்?

நான் படிப்பிக்கிற சல்லிக் கடற்கரைக்கு வந்து பாருங்கள். கரைவலைக்காரர்களின் வாடிகளைப் பாருங்கள். மூன்று கல்லை வைத்து, காற்றுக்கு ஓலையால் மறைப்புக் கட்டி, கடல் தண்ணீரில் மீனைக் கழுவி அவர்கள் வைக்கும் மீன் குழம்பின் மணம் வீதி வரைக்கும் வரும். அந்தச் சட்டியைச் சுற்றி ஒரு பெண்பிள்ளையும் இல்லை. பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கிழமைக் கணக்கில் ஆடுகிற படகில் சோறு ஆக்கிச் சாப்பிடுகிறார்கள். ஆடுகிற படகில் சோறு ஆக்கத் தெரிந்தவனுக்கு ஆடாத வீட்டில் ஆக்கத் தெரியாதாம்! கோயில் அன்னதானத்துக்கு அண்டா அண்டாவாகச் சாம்பார் இறக்குவதும் இதே மனிதர்கள்தான்.

கட்டாரிலும் சவூதியிலும் எங்கள் காக்காமார் இருக்கிற அறைகளில் முறை வைத்துச் சமைக்கிறார்கள். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர். முறை வந்தவன் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அறையில் இருக்க விடமாட்டார்கள். இரண்டு வருஷம் ஒருவரும் பட்டினி கிடக்காமல் சமைத்தவர் லீவில் ஊருக்கு வந்து கட்டுநாயக்கவில் இறங்கியதும் அந்த அறிவு முழுவதும் எங்கே போகிறது? சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறார்களா?

தமிழ்நாட்டில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து ஆண்களும் ஒரு தாத்தாவும் சேர்ந்து நடத்தும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது. ராகுல் காந்தியே போய் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டார். எங்கள் வீட்டு ஆண்களும் அந்த வீடியோக்களைக் கதிரையில் சாய்ந்துகொண்டு நாக்கில் எச்சில் ஊற, ஒன்று விடாமல் பார்க்கிறார்கள். அதெல்லாம் போகட்டும். நல்ல சாப்பாட்டுக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயரே நளபாகம், பீமபாகம். நளனும் பீமனும் யார்? தமயந்தி பாகம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஆகவே வராது என்பது பொய். ஊருக்கு என்றால் வரும், கூலிக்கு என்றால் வரும், கமராவுக்கு என்றால் வரும். வீட்டில், ஒருவரும் கை தட்டாத ஒரு செவ்வாய்க்கிழமை ராவில் மட்டும் வராது. பெரிய வெள்ளி அகப்பையைப் பிடிக்கிற கைக்கு வீட்டுக் கரண்டி பாரமாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் நன்றாகச் சமைக்கிற ஆண்களும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். எனக்கே பலரைத் தெரியும். ஆனால் அவர்கள் அதை வெளியில் சொல்லமாட்டார்கள். மீன் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது வாசலில் சத்தம் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்கு ஓடி வந்து பேப்பரை விரிப்பார்கள். கூட்டாளிமார் கண்டால் "பொஞ்சாதிதாசன்" என்று பட்டம் கிடைக்கும் என்ற பயம். கருகியதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள், ருசியாக ஆக்கியதை ஒளிக்கிறார்கள். இது எவ்வளவு விசித்திரம்! உலகத்தில் வேறு எந்த வேலையிலாவது திறமை வெட்கமாகவும் திறமையின்மை பெருமையாகவும் இருக்கிறதா? "எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது, நேற்று மதிலில் கொண்டுபோய் மோதினேன்" என்று ஒரு ஆண் சிரித்துக்கொண்டு பதிவு போடுவாரா?

காரணம் மிகச் சாதாரணம். அந்தக் கருகல் ஒரு லீவுக் கடிதம். ஒரு தடவை கருக்கினால் ஆயுளுக்கும் லீவு. "அவருக்கு விட்டா வீட்டையே கொளுத்திடுவார்" என்று மனைவியே சிரித்துக்கொண்டு கையொப்பம் போட்டுக் கொடுத்து விடுகிறார். வகுப்பில் கரும்பலகையை அழிக்கச் சொன்னால் வேண்டுமென்றே இன்னும் அசிங்கமாக்கி விட்டு, "டீச்சர், எனக்குச் சரியா வராது, அவள அழிக்கச் சொல்லுங்க" என்று சொல்லும் பையன்களை நாங்கள் ஆறாம் வகுப்பிலேயே பிடித்து விடுவோம். நாற்பது வயதில் அதே வேலையைச் செய்தால் அதற்குப் பெயர் 'பாவம், அவருக்குத் தெரியாது.'

இப்போது வழக்கமான பதில்களுக்கு வருகிறேன்.

"ஆம்பிளை வெளியில உழைக்கிறான் டீச்சர்." சரி. உழைக்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2022 இல் இரவு பகலாகக் கேஸ் வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் வெயிலில் காய்ந்தது பெரும்பாலும் ஆண்கள்தான். அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அதே நாட்களில் கேஸ் வராத வீட்டில் பச்சை விறகை ஊதி ஊதிக் கண் எரிய நின்றது யார் என்பதையும் மறக்க வேண்டாம். சம்பளத்துக்கு வெளியில் போகிற பெண்கள் எத்தனை பேர்? பாடசாலை 7.30 க்குத் தொடங்கும். அதற்கு முன் ஒரு டீச்சர் காலைச் சாப்பாடு, பகல் சாப்பாடு, பிள்ளைகளின் போத்தல், பை எல்லாம் முடித்து விட்டு வருகிறார். பின்னேரம் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவர் களைத்துப் போனதால் படுக்கிறார். மற்றவர் களைத்துப் போன பிறகும் அடுப்பைப் பற்ற வைக்கிறார். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றைச் செய்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் கொடுக்கும் நேரம் ஆண்களை விடப் பன்மடங்கு என்று அது சொல்கிறது. இதைக் கண்டுபிடிக்க அரசாங்க ஆய்வு தேவையா என்று எந்த உம்மாவும் கேட்பார். எங்களுக்குக் கணக்குக் காட்டினால்தான் நம்பிக்கை வரும், அதனால் சொல்கிறேன்.

"மார்க்கத்தில ஆணுக்கு ஒரு கடமை, பெண்ணுக்கு ஒரு கடமை இருக்கு." இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் கவலை தருவது. சுன்னத்து என்றால் தாடி வரைக்கும் பேசுவோம், மிஸ்வாக் வரைக்கும் பேசுவோம். வீட்டுக்குள் நபிகளார் (ஸல்) எப்படி இருந்தார்கள் என்ற சுன்னத்து வந்ததும் ஏன் குரல் குறைகிறது? அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் போவார்கள் என்று சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. ஒருபோதும் சாப்பாட்டில் குறை சொன்னதில்லை, விருப்பம் என்றால் சாப்பிடுவார்கள், இல்லாவிட்டால் விட்டு விடுவார்கள் என்பதும் அதே கிரந்தத்தில்தான் இருக்கிறது. "உப்பு ஒட்டல்ல" என்று கோப்பையைத் தள்ளுகிற எங்கள் வீரர்கள் இதை எந்த அதிகாரத்தில் படித்தார்கள்?

இன்னொரு சம்பவமும் இருக்கிறது. நபிகளார் ஒரு மனைவியின் வீட்டில் இருக்கும்போது இன்னொரு மனைவி ஒரு பாத்திரத்தில் சாப்பாடு அனுப்புகிறார். வீட்டுக்காரி ரோசத்தில் கொண்டுவந்தவரின் கையைத் தட்டி விடுகிறார். பாத்திரம் விழுந்து உடைகிறது. சாப்பாடு தரையில். விருந்தினர் முன்னிலையில் இப்படி நடந்தால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும்? அவர்கள் குனிந்து உடைந்த துண்டுகளைத் தங்கள் கையாலேயே பொறுக்கினார்கள். சிந்திய சாப்பாட்டைச் சேர்த்தார்கள். உங்கள் தாய்க்கு ரோசம் வந்து விட்டது என்று மட்டும் சொன்னார்கள். பிறகு உடைந்த பாத்திரத்துக்குப் பதிலாக உடையாத பாத்திரம் போய்ச் சேருவதையும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நடந்த விபத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது. ஏச்சு இல்லை, ஏளனம் இல்லை. துண்டைப் பொறுக்கினார்கள். நாங்கள் போனைத் தூக்குகிறோம்.

"சும்மா ஒரு பகிடிக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். பகிடிக்குள் இருக்கும் ஆபத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

அந்த வீடியோவில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்தது. அல்ஹம்துலில்லாஹ். ட்ரிப் சுவிட்ச் பழுதாகியிருக்கும், நில இணைப்பு இல்லாத எத்தனை வீடுகள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன? ஈரக் கையோடு அந்தக் குக்கரைத் தூக்கியிருந்தால் அந்த வீடியோ வேறு தலைப்பில் சுற்றியிருக்கும்.

ரைஸ் குக்கர் என்பது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. சட்டிக்குள் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 பாகைக்கு மேல் போகாது. தண்ணீரை அரிசி குடித்து முடிந்ததும் சூடு ஏறும். அடியில் இருக்கும் ஒரு காந்தம் அதை உணர்ந்து பிடியை விட, 'டக்' என்று சுவிட்ச் மேலே வரும். 1955 இல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் முதலாவது தானியங்கிக் குக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்கான பரிசோதனைகளைச் செய்தவர் புமிகோ மினாமி என்ற ஒரு குடும்பப் பெண். எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் என்று திரும்பத் திரும்பச் சோறு ஆக்கிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். அந்த முதல் மாதிரியில் உள்சட்டிக்கு வெளியேயும் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர் சுமார் 20 நிமிஷத்தில் வற்றினால் குக்கர் தானாக நிற்கும். வீடியோக் காக்கா 1955 மாடலைத்தான் மனதில் வைத்திருந்தார் என்று யாராவது வாதாடினால் மன்னித்து விடலாம்! ஆனால் பாருங்கள், ஒரு பெண் அடுப்படியில் நின்று தூக்கம் கெட்டுச் செய்த பரிசோதனையால் உலகத்துக்கே சோறு ஆக்குவது இவ்வளவு இலகுவாகி விட்டது. அதற்குப் பிறகும் "எனக்கு ஏலாது" என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் வீட்டுக் குசினிகளில் கேஸ் அடுப்புகள் வெடித்தன. கண்ணாடி அடுப்புகள் சிதறின. உயிர்களும் போயின. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் எட்டுப் பேர் கொண்ட குழுவை ஜனாதிபதி நியமித்தார். சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவையின் விகிதம் மாறியதையே முக்கிய காரணமாக அந்தக் குழு சொன்னது. இதில் புரொப்பேன், பியூட்டேன் என்று இரண்டு வாயுக்கள். புரொப்பேன் மறை 42 பாகையிலேயே கொதிக்கும், பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். பழைய குழாயும் தேய்ந்த ரெகுலேட்டரும் அதைத் தாங்காமல் கசியும். அப்போதும் ஹெல்மெட் போட்டுச் சமைக்கும் படங்களைப் போட்டுச் சிரித்தோம். சிரித்தவர்களில் பலருக்குத் தங்கள் வீட்டு ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று தெரியாது. அடுப்புக்கு முன்னால் நின்றவருக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

ஆகவே பகிடியை விட்டு விட்டு மூன்று விஷயம் சொல்கிறேன். வீட்டில் ஆண் பெண் பிள்ளை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியவை.

ஒன்று. கேஸ் மணந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். லைட்டைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். இந்த வாயு காற்றை விடப் பாரமானது, தரையில்தான் தேங்கி நிற்கும். உயரத்து ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். அந்த மணம்கூட இயற்கையாக வருவதில்லை. கசிவைத் தெரிந்துகொள்வதற்கென்றே சேர்க்கப்படுவது.

இரண்டு. தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் அந்த நொடியே ஆவியாகும். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1700 லீற்றர் ஆவியாக விரியும். அது எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி எறியும். அடுப்பை நிறுத்தி, பெரிய மூடியால் மூடி விடுங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் வேண்டாம்.

மூன்று. சுட்டால் பற்பசை, நெய், தேங்காய் எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் பிடியுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். காயம் பெரிதென்றால் ஆஸ்பத்திரி.

இந்த மூன்றையும் எட்டாம் வகுப்பு மாணவனுக்குப் பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்கலாம். நாற்பது வயது மனிதருக்கும் பத்து நிமிஷம் போதும், அவர் கதிரையை விட்டு எழும்பினால்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இந்தப் பகிடியின் உண்மையான விலையை நான் காண்பது வகுப்பறையில்தான்.

உம்மா வெளிநாட்டில் அல்லது உம்மாவுக்கு வருத்தம். அப்படியான வீட்டில் மூத்தது பெண்பிள்ளை என்றால் வரவுப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்து விடும். முதலில் கிழமையில் ஒருநாள் வராது. பிறகு இரண்டு நாள். வந்தாலும் முதலாம் பாடம் முடிந்துதான் வரும். கேட்டால் "தம்பிமாருக்குச் சோறு ஆக்கிட்டு வந்தன் டீச்சர்" என்று சொல்லும். பதின்மூன்று வயது. அதே வீட்டில் பதினைந்து வயதில் ஒரு அண்ணன் இருப்பான். அவன் ஒருநாளும் பிந்தி வரமாட்டான். ஏனென்றால் அவனுக்குச் 'சமையல் வராது.' வாப்பாவுக்கும் அப்பாவுக்கும் 'வராது.' எல்லோருக்கும் வராததால் அந்தச் சின்னப் பிள்ளைக்கு வந்தே ஆக வேண்டியிருக்கிறது. நீங்கள் சிரித்த சிரிப்பின் பில் அந்தப் பிள்ளையின் கையில்தான் கொடுக்கப்படுகிறது. அவள் கட்டுவது கணிதப் பாடத்தில், விஞ்ஞானப் பாடத்தில், கடைசியில் ஓ.எல். பரீட்சையில்.

பாடத்திட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் பாடம் இருக்கிறது. ஓ.எல்.லுக்கு மனைப்பொருளியல் இருக்கிறது. ஆண்கள் எடுக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனால் தொகுதிப் பாடம் தெரிவு செய்யும் நாளில் ஒரு பையன் மனைப்பொருளியலுக்குக் கை உயர்த்தினால் வகுப்பே கூச்சல் போடும். சில வேளை பின்னால் நிற்கும் ஆசிரியரும் சிரிப்பார். அந்தக் கை இறங்கி விடும். போசணை, உணவுப் பாதுகாப்பு, வீட்டுச் செலவுத் திட்டம், குழந்தை பராமரிப்பு எல்லாம் அந்தப் பாடத்தில் இருக்கிறது. இவை ஒரு தகப்பனுக்குத் தேவையில்லாத அறிவா? நாளைக்கு அதே பையன் ஹோட்டல் துறையில் போய்ச் 'செஃப்' ஆனால் அதே ஆசிரியர் மாலை போட வருவார்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. கோபிக்காதீர்கள். மகன் வெங்காயம் வெட்ட வந்தால் "நீ போய் விளையாடு மகன், இது உனக்கு என்னத்துக்கு" என்று துரத்துவது நாங்கள்தான். மகள் கொப்பியோடு உட்கார்ந்தால் "புள்ள, அந்தத் தேங்காயத் துருவிட்டுப் படி" என்று கூப்பிடுவதும் நாங்கள்தான். இருபத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு வீட்டுப் பிள்ளை காய்ச்சலோடு எழும்பி வந்து குக்கரைக் கவிழ்க்கிறபோது அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. கணவன்மார் உதவ வரும்போது "நீங்க செஞ்சா ரெண்டு வேலை" என்று பறித்து எடுப்பதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். முதல் நாள் சோறு குழையட்டும். இரண்டாம் நாள் வேகாமல் இருக்கட்டும். மூன்றாம் நாள் சரியாக வரும். நாங்களும் வயிற்றிலிருந்து அகப்பையோடு வரவில்லை.

2020 மார்ச் 20 ஊரடங்கு போட்ட நாளிலிருந்து கிழமைக் கணக்கில் எல்லா ஆண்களும் வீட்டில்தான் இருந்தார்கள். டல்கோனா கோப்பி அடித்து அடித்துக் கை வலிக்கப் படம் போட்டார்கள். குழப்பமில்லை, சந்தோஷம். ஆனால் ஊரடங்கு எடுத்ததும் நுரையைப் போலவே அந்த ஆர்வமும் இறங்கி விட்டது. விளையாட்டுக்கு அடுப்படிக்குப் போவதற்கும் பொறுப்புக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். விளையாட்டுக்குப் போனவர் படம் எடுத்து விட்டு வருவார். பொறுப்புக்குப் போனவர் அடுப்பைத் துடைத்து, தேங்காய்ப் பூவை ஒதுக்கி, நாளைக்கு வெங்காயம் இருக்கிறதா என்று பார்த்து விட்டு வருவார்.

என்னுடைய கோரிக்கை பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கிழமையில் இரண்டு ராச்சாப்பாடு, ஆரம்பம் முதல் சட்டி கழுவுவது வரை, வீட்டு ஆண்களின் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது ஒவ்வொரு பையனுக்கும் சோறு, பருப்பு, ஒரு மீன் ஆணம், ஒரு சுண்டல், ஒரு முட்டை தெரிந்திருக்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திக் கூட்டங்களிலும், ஜும்ஆப் பயான்களிலும், மீனவர் சங்கக் கூட்டங்களிலும் இதைக் கதைக்கலாம். கஞ்சி காய்ச்சுகிற காக்காமாரையே கூப்பிட்டுப் பையன்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லலாம். அவர்களை விட நல்ல வளவாளர் கொழும்பில் கிடைக்கமாட்டார்.

கருகும். முதலில் கட்டாயம் கருகும். உப்புக் கூடும். கூடினால் உருளைக்கிழங்கு போட்டு உப்பை உறிஞ்சலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள். கிழங்கு கொஞ்சம் உப்புத் தண்ணீரைக் குடிக்குமே தவிர உப்பைத் தனியாகப் பிரித்து எடுக்காது. உப்பில்லாத தேங்காய்ப்பாலோ தண்ணீரோ சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். சட்டி அடிப்பிடித்தால் தண்ணீரும் கொஞ்சம் அப்பச்சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து ஒரு ராவு ஊற விடுங்கள், தேய்க்க இலகு. கருக்கியவரே தேய்க்க வேண்டும் என்பது மட்டும் சட்டம்.

அப்படித் தன் கையால் கருக்கி, தன் கையால் தேய்த்து, அடுத்த நாளும் அடுப்படிக்குப் போகிற ஒரு காக்காவின் வீடியோவை யாராவது அனுப்புங்கள். அதற்கு முதல் ஆளாக நான் சிரிக்கிறேன். அவரும் சேர்ந்து சிரிப்பார், அவருடைய மனிசியும் சிரிப்பார். மூன்று பேரும் சிரிக்கிற பகிடிதான் பகிடி.

சரி என்று படுபவர்கள் பகிருங்கள். பிழை என்று படுபவர்கள் தாராளமாகக் கீழே வந்து சண்டை பிடியுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டில் இன்றைக்கு ராவு சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவி விட்டு வாருங்கள்.